அரை நாள் பிசகு

வானியற்பியல் கற்பிக்கிறேன் என்று சொன்னால் தாராவியில் பாதிப் பேர் ஜாதகத்தை நீட்டுவார்கள். மீதிப் பேர் "பக்கா வேலையா, பர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள். ஜாதகக்காரர்களைச் சிரித்தே சமாளித்துவிடலாம். இந்த இரண்டாவது கூட்டத்திடம்தான் ஒன்பது வருஷம் நான் திருதிருவென்று விழித்தேன். பல்கலைக்கழகத்தில் என் வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூனிலும் புதுக் காகிதம், அதே நாற்காலி.

அப்பாவும் அப்படித்தான். டிராம்பேக்கு ஆள் ஏற்றிப் போகும் காண்ட்ராக்டர் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டினார். கடைசி நாள் வரை டெம்பரரி. வீட்டில் அந்த வார்த்தையை யாரும் உரக்கச் சொல்ல மாட்டோம்.

ஒருவழியாக நிரந்தரப் பதவி ஒன்றுக்கு ஏப்ரலில் நேர்காணல் வந்தது. என் கையில் இருந்த உருப்படியான சரக்கு ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு சிறிய நட்சத்திரங்களைப் பற்றியது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைக்கும். இரண்டு மணி நேரம் வெளிச்சம் குறையும். அது எப்போதெல்லாம் நடக்கும் என்று பழைய பதிவுகளிலிருந்து கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தேன். அதை ஒருவரும் சரிபார்க்கவில்லை. வானத்தில் எத்தனையோ கோடி நட்சத்திரம் இருக்கும்போது யாருக்கு என்ன அக்கறை?

என்னிடம் ஆய்வு செய்த செம்பூர்ப் பெண் ஒருத்திக்கு மட்டும் அக்கறை இருந்தது. அந்த அட்டவணையை நம்பி, தொலைநோக்கியில் ஒரு இரவு கேட்டு வருஷம் முழுக்கக் காத்திருந்து வாங்கினாள். மழைக்காலம் வந்தால் தொலைநோக்கியை மூடிவிடுவார்கள், அக்டோபரில்தான் திறப்பார்கள். அவளுடைய உதவித்தொகையோ ஆகஸ்டோடு முடிகிறது. அவள் பட்டம் அந்த ஒரு ஞாயிறு இரவில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கள் காலையில் போன் செய்தாள். ஒரே அழுகை.

"மேம், மறைப்பே வரலை. ராத்திரி பூரா அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. நான்தான் எங்கேயோ தப்பா கட்பட் பண்ணிட்டேன்."

"அழாதே, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டு என் பழைய கணக்கை எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளின் கணக்கை நண்பகலில் தொடங்குவோம். ஓர் இரவு இரண்டு தேதியாக உடையக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. நள்ளிரவில் தொடங்கும் இன்னொரு எண்ணிக்கையும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அரை நாள் வித்தியாசம். முதல் வருஷ மாணவர்களுக்கு நான் தொண்டை வற்றக் கத்திச் சொல்லும் விஷயம் இது. பழைய பதிவுகள் நள்ளிரவுக் கணக்கில் இருந்தன. நான் நண்பகல் கணக்கென்று எடுத்துக்கொண்டு அட்டவணை முழுவதையும் போட்டிருந்தேன். அவளை இரவு பதினொன்றரைக்குப் பார்க்கச் சொன்ன காட்சி, அன்று பகல் பதினொன்றரைக்கே, சுட்டெரிக்கும் வெயிலில், முடிந்துபோயிருந்தது.

அடச்சீ என்றிருந்தது. உடனே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை நேர்காணல். போனை எடுத்தேன், வைத்தேன்.

அன்று மாலை தாராவிக்குப் போனேன். அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, வியாழக்கெழமதான? தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் பாத்துக்க. எனக்குத்தான் கடைசிவரைக்கும் பக்கா ஆவல. நீயாவது ஆயிரு."

"ஆயிரும்ப்பா" என்றேன். டீயைக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு படிவத்தோடு வந்தாள். கொடுத்த இரவு வீணானால் ஏன் என்று தொலைநோக்கிக் குழுவுக்கு எழுதித் தர வேண்டும். வழிகாட்டி கையெழுத்திட வேண்டும். மேகம், கருவிக் கோளாறு, பார்த்தவர் பிழை, கணிப்புப் பிழை என்று நாலு காரணம் அச்சிட்டிருக்கும். ஒன்றில் குறியிட வேண்டும். அவள் எதிலும் குறியிடவில்லை.

"நீங்களே பார்த்துப் போடுங்க மேம்" என்றாள்.

பயந்துபோயிருக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தவர் பிழை என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

வியாழக்கிழமை நேர்காணல் குழுவினர் அந்தக் கட்டுரையைப் பாராட்டினார்கள். மே கடைசியில் நியமன உத்தரவு வந்தது. அப்பா தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். மறுநாளே உட்கார்ந்து, பிழை என்னுடையது என்று தொலைநோக்கிக் குழுவுக்கும் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். வேலை கைக்கு வந்தபின் நேர்மையாக இருப்பது ரொம்பச் சுலபம். குழு பெருந்தன்மையாக நடந்துகொண்டது. அவளுக்கு அக்டோபரில் ஓர் இரவு தந்தது.

அதைச் சொல்ல அவளை அறைக்குக் கூப்பிட்டேன்.

"அக்டோபர் வரைக்கும் எப்படி மேம்? தாணேல ஒரு கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் சேரணும். வீட்ல இதுக்கு மேல கேக்க முடியாது."

பட்டத்தைப் பிறகு முடிக்கலாம், நான் பேசுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். தலையாட்டினாள். கடைசியில், அது அவள் பிழை இல்லை, அரை நாளை விட்டது நான் என்று சொல்லி முடித்தேன்.

"தெரியும் மேம்."

"எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை சாயங்காலமே. உங்க கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்."

எனக்குக் காது சூடானது. வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, அவள் மேல்.

"அப்புறம் ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் மேம். நீங்க பேனாவை எடுக்கற வரைக்கும் இருந்தேன்."