நர்ஸம்மா வீட்டு இழவு

எழுபதுகளின் கடைசியில், என் இருபத்தியோராவது வயதில், ஜவ்வாது மலையில் நர்ஸ் வேலை கிடைத்தது. மொத்தம் நாற்பது வீடு உள்ள ஊர். நாற்பதிலும் என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்து வாங்க மாதம் ஒருமுறை போளூருக்கு இறங்குவேன். அப்படி இறங்கிய ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு நாவல் வாங்கினேன். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் அடுத்த தெருப் பெண்ணுக்கும் முதல் காதல்.

மறுநாள் காலையில் எடுத்தவள் மத்தியானம்வரை கீழே வைக்கவில்லை. கதையில் அந்தப் பெண்ணின் முதல் கடிதம் வந்து சேர்வதற்குள் பையன் மஞ்சள் காமாலையில் செத்துப்போகிறான். அவன் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள் தலையணைக்கு அடியில் கிடக்கின்றன. எனக்குத் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா முறத்தோடு ஓடி வந்தார்.

"இன்னா நர்ஸம்மா, யாரு பூட்டாங்க?"

"ஒரு பையன்க்கா. பதினாறு வயசு."

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்வதற்குள் அவர் தெருவில் நின்று கத்தியிருந்தார்.

அரை மணியில் வாசல் நிறைந்துவிட்டது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சாமைச் சோறும் குழம்பும் வந்தன. இரண்டு பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி தொடங்கினார்கள். நான் விலகிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"கதைங்க! இதுல வர்ற பையன்."

ஒப்பாரி நின்றது. எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். நாட்டாமையோ தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நன்றாக உட்கார்ந்தார்.

"படிம்மா. எப்டி செத்தான்னு தெரியணும்ல?"

படித்தேன். காமாலை வந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

"கீழாநெல்லி குடுத்தாங்களா?"

"அப்படி எதுவும் எழுதலைங்க."

"எழுதுனவரு எந்த ஊரு?"

"மெட்ராஸுங்க."

"அதான். நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கட்டு கட்டா அனுப்பிச்சிருப்போம். அநியாயமா புள்ளய கொன்னுட்டாரு."

உடனே கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பையனை எழுப்பவும். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுக்கவும். எண்ணெய்ப் பண்டம் கூடாது. தேறியதும் தகவல் சொன்னால் பெண் கேட்க நாங்களே வருகிறோம்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அழுகையை நிறுத்தவில்லை.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான் நர்ஸம்மா" என்றார், அத்தனை பேர் முன்னால்.

அவர் வீட்டுக்காரர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து, "அவனுக்கும் காமாலையா?" என்று கேட்டார்.

"இல்ல. படவேட்டுல சைக்கிள் கடை வச்சிகினு இருக்கான். குண்டாய்ட்டான்."

"அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"குண்டாய்ட்டான்னுதான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். மூக்கை உறிஞ்சியபடியே அக்காவும் அதில் கைவைத்துச் சாப்பிட்டார்.

கடிதத்தை அடுத்த மாதம் போளூரில் தபாலில் சேர்த்தேன். பதில் வரவில்லை. பையன் பிழைத்துவிட்டான், நன்றி சொல்லத்தான் மெட்ராஸ்காரருக்கு மனசு வரவில்லை என்று நாட்டாமை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.