நீல எழுத்தை நம்பியவர்கள்

அந்த நீல எழுத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. நெடுங்காலம் அதை வைத்துத்தான் பிழைத்தேன் என்பதும் உண்மைதான். அதனாலேயே எரிச்சல் கூடுதல்.

பீச் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் உண்டு. கடை தொடங்கிய காலத்தில், திரையின் ஓரத்தில் இருந்த நீல நிற 'e' என்ற ஆங்கில எழுத்துதான் எங்களுக்கு இன்டர்நெட். அது வெறும் ஒரு பிரவுசர், அதுபோல வேறு பிரவுசர்களும் உலகத்தில் உண்டு என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? "அக்கா, இன்டர்நெட்டைத் தொறந்து விடுங்க" என்பார்கள். நானும் அந்த எழுத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு என் நாற்காலிக்கு வந்துவிடுவேன்.

போட்டிக்கு ஆள் இல்லாத கடைக்காரரைப் போல அது தன் இஷ்டத்துக்கு வேலை செய்தது. பரீட்சை ரிசல்ட் வருகிற நாளாகப் பார்த்து வெள்ளையாக நின்றுவிடும். கண்ட கண்ட கம்பெனிகளும் தங்கள் டூல்பார் பட்டைகளைத் திரையின் தலையில் ஒட்டிவிட்டுப் போக, பக்கத்தைப் படிக்க மிஞ்சுவது கையகல இடம். பிள்ளைகள் அழ, தகப்பன்மார் என்னை முறைக்க, நான் அதைத் திட்டித் தீர்ப்பேன். மறுநாள் காலையில் அதையேதான் தட்டித் திறப்பேன். வேறு போக்கிடம் இல்லை.

அப்புறம் கலர் கலராக ஒரு வட்டம் வந்தது, அதுவும் ஒரு பிரவுசர். தட்டினால் சட்டென்று திறந்தது. கல்லூரிப் பிள்ளைகள் முதலில் அதற்கு மாறினார்கள், பிறகு எல்லோரும். புது கம்ப்யூட்டர் வாங்கினால் நீல எழுத்துக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம்: அந்த வட்டத்தை இறக்கிக் கொடுப்பது. விட்டது சனி என்று இருந்திருப்பேன். கப்பல்காரர்கள் விடவில்லை.

எங்கள் சந்தில் பாதி வீடுகளில் ஒருவராவது கப்பலுக்குப் போகிறவர். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பயிற்சிக்கு இடம் பிடிக்க வேண்டும் என்றால் மாலுமிகளுக்கான ஒரு வெப்சைட்டுக்குள் போக வேண்டும். அது நீல எழுத்தில் மட்டும்தான் ஒழுங்காகத் திறக்கும். மற்றதில் திறந்தால் பட்டன் இருக்கும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது. ஊரே கைகழுவிய சனியனை இவர்களுக்காக மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் வைத்துப் பராமரித்தேன்.

மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பாஸ்வேர்டு எங்கே நினைவிருக்கும்? "நான் நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று நீல எழுத்து கேட்கும். எல்லோரும் சரி என்பார்கள். சந்திலுள்ள அத்தனை கப்பல்காரர்களின் பாஸ்வேர்டும் அந்த மூலையில்தான் இருந்தது. ஊர் திரும்பியதும் வந்து உட்கார்ந்து, தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தட்டுவார்கள். மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

"எழுதி வைங்கப்பா!" என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

"கடல்ல கொண்டுபோயி தொலைக்கவா மைனி? இங்கன கெடந்தா பத்திரம்" என்பார்கள்.

இதற்கு மேல் இன்னொரு பழக்கம். கப்பலேறும்போது போனுக்குக் காசு போட மாட்டார்கள். நடுக்கடலில் டவர் ஏது என்பது அவர்கள் நியாயம். போன தடவை என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது அவருடைய நம்பர் செத்துப்போயிருந்தது. புது நம்பர் வாங்கினார். அந்த வெப்சைட்டிலும் நம்பரை மாற்றுங்கள், கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துத்தானே கூப்பிடுகிறார்கள் என்றேன்.

"அது தானா உள்ள போவுதுல்லா. மாத்திக்கிடலாம்ளா, என்ன அவசரம்?"

அதோடு சரி. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அந்த முறை அவருக்குக் கப்பலே அமையவில்லை. கூட இறங்கியவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். இவர் போனை நிறையச் சார்ஜ் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். முத்தையாபுரம் பக்கம் தெரிந்த ஏஜென்டுகளைப் போய்ப் பார்த்தார். எல்லோரும் "கூப்பிடுவாங்க" என்றார்கள். வயதாகிவிட்டது, இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். குழம்பில் உப்பு குறைந்தாலும் சண்டை, கூடினாலும் சண்டை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பக்கத்தில் இருக்கப் பிடிக்காமலும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பழைய கூட்டாளி ஒருவர் பம்பாயிலிருந்து என் போனில் கூப்பிட்டார். அவர் கப்பலில் ஒரு இடம் காலி. இன்று ஆபீஸ் மூடுவதற்குள் சான்றிதழைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளை எடுத்துவிடுவார்கள். சாப்பிட்ட கையோடு இருவரும் கடைக்கு ஓடினோம்.

மூலைக் கம்ப்யூட்டரில் நீல எழுத்தைத் தட்டினேன். அது திறக்கவில்லை. அந்த இடத்தில் வேறொரு பிரவுசர் வந்து நின்றது. அதைப் பெற்ற கம்பெனியே அதற்கு மூடுவிழா நடத்தி, அதைத் தட்டினால் புதியது திறக்கும்படி செய்துவிட்டதாம். பழைய விவரங்களை எல்லாம் கொண்டுவந்துவிட்டேன் என்று புதியது பீற்றிக்கொண்டது. வெப்சைட்டும் எப்போதோ புதியதற்கு ஏற்றபடி மாறியிருந்தது, அதில் குறையில்லை. பாஸ்வேர்டு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அவர் தன் பிறந்த நாள், என் பிறந்த நாள், கப்பல் பெயர்கள் என்று போட்டுப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. மறந்துவிட்டது என்று அமுக்கினால், உங்கள் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்தப் போனுக்கு? செத்துப்போன நம்பருக்கு.

அந்த நம்பரைக் கூப்பிட்டார். மணி அடித்தது; போன் கம்பெனி அதை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு அம்மா எடுத்தார்.

"ஓ.டி.பி.யா? நெனைச்சேன். ஒங்கள மாதிரி ஆளுவதான பக்கத்து வீட்டுக்காரிய ஏமாத்துனது!"

இவர் குரலை உயர்த்தினார். அந்த அம்மா போனை வைத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு நானே பேசினேன்.

"அக்கா, வச்சிராதீங்க. இது முந்தி என் வீட்டுக்காரர் நம்பரு. அவுக கப்பல்ல வேலை பாக்காவ..."

அந்த அம்மா இந்தத் தடவை போனை வைக்கவில்லை.

"கப்பல்காரரா? அவரு ஒங்க வீட்டுக்காரருதானா! ஏம்மா, அவருக்கு எத்தன போனு வந்துருக்கு தெரியுமா? ஹிந்தில பேசுதான், இங்கிலீஷுல பேசுதான். மெட்ராஸுல இருந்து ஒருத்தரு தமிழ்லயே சொன்னாரு, கப்பல் ரெடியா இருக்கு, ஒடனே கெளம்பி வரச் சொல்லுங்கன்னு. ராங் நம்பர்னு வச்சிட்டேன். நான் என்னத்தக் கண்டேன் தாயி?"

நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஓ.டி.பி.யை மறுபடி அனுப்பச் செய்தேன். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். உள்ளே போனோம். முதல் வேலையாக நம்பரை மாற்றினேன், பிறகு சான்றிதழ். ஆபீஸ் மூடுவதற்கு முன் எல்லாம் போய்ச் சேர்ந்தது. இடம் உனக்குத்தான் என்று கூட்டாளி போனில் சொன்னபோதும் அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

வெப்சைட்டை விட்டு வெளியே வரும்போது புது பிரவுசர் மரியாதையாகக் கேட்டது, பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று. அவர் கை பழக்கதோஷத்தில் 'சரி' பக்கம் போனது. அந்தக் கையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

வழக்கமாக என்றால் கடையே அதிரக் கத்தியிருப்பார். அன்றைக்குக் கையைத் தடவிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, எத்தன கப்பல் போயிருக்கும்?" என்று கேட்டார்.