காருக்கு நல்ல தண்ணீர்

என் அக்கா பிரசவத்துக்கு ஆம்பூர் வந்திருந்த அந்தக் கோடையில், எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டது அக்காவை அல்ல, காரை. ஒன்பது வயதான எனக்கு அப்படித்தான் தெரிந்தது. குழந்தை வயிற்றில் குறுக்காகப் படுத்திருக்கிறது, லேசாக வலி எடுத்தாலும் உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவைக் கட்டிய மாமாவுக்கு வெளிநாட்டில் வேலை. ஆகவே அக்காவை வேலூர் கொண்டுசேர்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர்: அப்பாவும் அந்த வெள்ளைக் காரும். அந்த இரண்டு பேர்மீதும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கார் என்னைவிட மூத்தது. மூன்று வீடுகளில் ஓடிக் களைத்து எங்களிடம் வந்தது. அப்பாவுக்குக் கார் ஓட்டவே பிடிக்காது. எதிரே லாரி வந்தால் ஹார்ன் அடிப்பதற்குப் பதில் ஜெபம் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வருவதோடு சரி, மற்ற நாளெல்லாம் அது படுதாவுக்குள் தூங்கும். பிடிக்காத ஒன்றை ஏன் வாங்கி வைத்திருந்தார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் பெயர் எழுதாத சின்னக் கல்லறை ஒன்று உண்டு. அதன்மேல் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டு இரண்டு பூ வைப்பாள். யாரோ ஒரு குழந்தை, பாவம், என்று மட்டும் சொல்லியிருந்தாள். யாருமற்ற குழந்தைக்கும் பூ வைக்கிற குடும்பம் என்று எனக்கு எங்கள்மேல் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அன்று அவள் எழுந்துவர வெகுநேரம் ஆயிற்று.

திரும்பும் வழியில் கார் கொதித்தது. முன்மூடியின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்ப, அப்பா ஓரம்கட்டி நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆவி அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

தள்ளிக்கொண்டு போய்க் காட்டியபோது, வண்டியைச் சில நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார் மெக்கானிக். வலி எந்த நேரமும் வரலாம், வண்டி வாசலைவிட்டு நகரக் கூடாது என்று அப்பா தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எங்களோடு இருந்த அத்தை, பள்ளிக்கூட டீச்சர், எதையும் நேராகப் பேசுகிறவள், பேசாமல் ஒரு வாடகைக் கார் சொல்லி வைத்துவிடலாமே என்றாள். அம்மாவும் அப்பாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் ஒரே குரலில் பேசுவது அபூர்வம். அத்தை அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் அப்பா தோல் ஃபேக்டரிக்கு லீவு போட்டார். எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்து சூடு காட்டும் முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. முள் நடுவைத் தாண்டி மேலே ஏறும்போதெல்லாம் என் குரலும் ஏறியது. ஃபேன் சுற்றியது, பெல்ட் இறுக்கமாக இருந்தது, குழாய்களில் எங்கும் கசிவில்லை. முள் மட்டும் சிவப்புக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

எஞ்சின் ஆறியதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். தண்ணீர் சூடேறியதும் திறந்து வழிவிடுகிற சின்னக் கதவு அது. திறக்காமல் மாட்டிக்கொண்டால் வண்டி கொதிக்கும். அம்மாவின் பால் பாத்திரத்தில் அதைப் போட்டு அடுப்பில் வைத்தார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பாத்திரத்துக்காக வீடே ரெண்டுபட்டிருக்கும். அன்று அம்மாவே அடுப்பைத் தூண்டிவிட்டாள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்க, முட்டை வேகக் காத்திருக்கிற மாதிரி எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். தண்ணீர் கொதிக்குமுன்பே அது வாயைத் திறந்தது. நான் கைதட்டினேன். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. கெட்டிருந்தால் வேறு வாங்கி மாட்டியிருக்கலாம். கோளாறு வேறெங்கோ இருந்தது.

அதைத் திரும்ப மாட்டி, வண்டியை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு மேலும் கீழும் போகிற ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். மேல்குழாய் கையைச் சுட்டது, கீழ்க்குழாய் வெறும் வெதுவெதுப்பு. உள்ளே தண்ணீர் இறங்கவில்லை. ஆறவிட்டு அடியில் திறந்துவிட்டதும் கலங்கலாகக் கொஞ்சம் ஒழுகியது, கூடவே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் விழுந்தன. எங்கள் குளியலறைக் குழாய் வாயில் படிந்திருக்கிற அதே உப்பு. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தவர், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தோல் பதனிட்ட கழிவு நிலத்தடிக்குப் போய், போர் போட்டு இறைக்கிற தண்ணீர் பூராவும் உப்பு. அது குளிக்க, கழுவ. குடிக்கவும் சமைக்கவும் என்றைக்கோ ஒருநாள் தெருக்குழாயில் வருகிற நல்ல தண்ணீர். அம்மா அதை டிரம்மில் பிடித்து மூடிமேல் கல் வைத்திருப்பாள். நல்ல தண்ணீரில் வாய் கொப்பளித்ததற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். அப்பா ஃபேக்டரி லேபில் வேலை பார்த்தவர். தோல் ஊறுகிற தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்று டேங்கர்களையே திருப்பி அனுப்புகிறவர். அவரும் காருக்கு மட்டும் வருஷக்கணக்காகப் போர் தண்ணீரைத்தான் ஊற்றினார். மனுஷருக்கே பற்றாத நல்ல தண்ணீரை ஒரு வண்டிக்கு ஊற்றுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றாது.

"ஊர் தோலுக்கெல்லாம் தண்ணி டெஸ்ட் பண்ற, நம்ம வண்டிக்கு இன்னா ஊத்துறோம்னு பாக்கலியே" என்றாள் அத்தை. கடைசியில் அவளே சமையலறைக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு திராட்சை ஸ்குவாஷ் போட வைத்திருந்த சிட்ரிக் ஆசிடைத் தேடி எடுத்துவந்தாள். உப்பைக் கரைக்க அதுபோதும், ஆனால் கரைத்ததைக் கழுவித் தள்ள நல்ல தண்ணீர் நிறைய வேண்டும் என்றார் அப்பா. கேட்கத் தயங்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா டிரம்மின்மேல் இருந்த கல்லைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

"ஊத்துங்க."

"குடிக்கிறதுக்கு?"

"உப்புத் தண்ணி குடிச்சா நாம செத்துட மாட்டோம். ஊத்துங்க."

டிரம் காலியாகும் வரை ஊற்றினார். கடைசியில் கீழே வந்த தண்ணீர் தெளிந்திருந்தது. சாயங்காலம் முள் நடுவில் வந்து நின்றது, ஏறவில்லை. ஆனாலும் அப்பா நம்பவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் வண்டியைக் கிளப்பி நிறுத்திப் பார்த்தார். வீடே அவரோடு சேர்ந்து முள்ளைப் பார்த்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம், நல்ல வெயிலில், அப்பா சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம், அக்காவுக்கு வலி எடுத்தது. அத்தை லீவிலும் பரீட்சைத் தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போயிருந்தாள், என்னை விட்டுப்போக ஆளில்லை. அக்காவும் அம்மாவும் பின்னால். நான் முன்னால், காலடியில், தெருக்குழாயில் புதிதாகப் பிடித்த ஒரு கேன் நல்ல தண்ணீரோடு. பாதி வழிவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நாங்களும் நின்றோம். முள் நடுவைவிட்டு மெல்ல மேலே கிளம்பியது. எனக்குச் சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

"ஏறுதுப்பா."

அப்பா கண்ணாடிகளை இறக்கச் சொல்லி, ஹீட்டரை முழுசாகத் திருகினார். எஞ்சின் சூட்டை நம் பக்கம் இழுத்துக்கொண்டால் அது கொஞ்சம் ஆறும் என்றார். வேலூர் வெயிலில் ஹீட்டர். அனல் முகத்தில் அடித்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அம்மா சேலைத் தலைப்பால் அவளுக்கு விசிறியபடி, வெளியே சாலையோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு புளியமரம், அதற்கப்பால் தண்ணீரில்லாத பாலாறு.

வரிசை நகர்ந்தது. காற்றுப் பட்டதும் முள் இறங்கி நடுவுக்கு வந்தது. அப்போதுதான் அம்மா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயம் தீர்ந்த பிறகா அழுவார்கள்?

அக்காவுக்கு அன்று ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நன்றாக இருந்தார்கள். மற்றதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி நான் முழுகாமல் இருந்தபோது அத்தை சொல்லித்தான் தெரியும். அக்காவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தானாம். அம்மாவுக்கு வலி எடுத்து, வாடகைக் காரில் வேலூர் போகும்போது, அந்தப் புளியமரத்தடியில் கார் கொதித்து நின்றுவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப்போன டிரைவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பெயர் வைக்கக்கூட அவகாசமில்லை. அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அன்று காரில் இருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. சீட்டின்மேல் திரும்பி மண்டியிட்டு, அம்மாவைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தியைச் சொன்னேன்.

"ஏம்மா அழுவுற? முள்ளு நடுவுலதான் இருக்குது."

"நீ இங்க பாக்காத பாப்பா" என்றாள் அம்மா. "அதையே பாத்துக்கினு வா."