நான் மாட்டிய செட்

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு?" என்பதுதான். அடுத்த கேள்வி அவருடைய அம்மாவைப் பற்றி. என் முறை வருவதற்குள் அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும். இதற்காகச் சண்டை போட்டதில்லை என்று சொன்னால் அது பொய்.

"வண்டிக்கு வாயில்ல, அதான் கேக்குறேன். ஒனக்குத்தான் வாய் இருக்குல்ல, நீயே சொல்லுவ" என்பார்.

கார் அவர் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது நான். ஆவூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கீரனூரில் இருக்கும் என் தையல் கடைக்குத் தினமும் போய் வருகிறேன். போன லீவில் வந்தபோது, காரோடு கூடவே வந்த பழைய பாட்டு செட்டில் அவர் ஒரு சிடியைப் போட்டார். உள்ளே போனதோடு சரி, அது வெளியே வரவே இல்லை. ஒரே பாட்டு. சரணம் தொடங்கும் இடத்தில் விக்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரேடியோவுக்கும் மாறாது, நிறுத்தினாலும் வண்டியைக் கிளப்பும்போது தானாகவே பாடும். அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். கேட்டது நான்.

இந்தத் தடவை அவர் லீவுக்கு வருகிறார் என்றதும், புது செட் வாங்கி நானே மாட்டப்போகிறேன் என்று போனில் சொன்னேன்.

"தொடாத. நான் வந்து பாத்துக்கிறேன். ஃபியூஸ் போனாக்கூட ஒனக்கு என்னன்னு தெரியாது."

அந்த ஒரு வார்த்தை போதும். உடனே ஆர்டர் போட்டேன். பாட்டுக் கேட்கும் ஆசையெல்லாம் அதோடு பின்னால் போய்விட்டது. அந்த மனுஷன் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதை நீ செய்தாய் என்று வரவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புது செட் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை காலை அவர் விமானம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் போனில் வீடியோவை ஓடவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் மாமியார், கையில் டார்ச். செட்டின் ஃபியூஸை முதலில் பிடுங்கு என்றது வீடியோ. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியில் எது செட்டின் ஃபியூஸ் என்று எழுதியிருந்ததெல்லாம் அழிந்து போயிருந்தது. பழைய பாட்டைப் பாடவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாமியார் கையில் கொடுத்தேன்.

"இது என்னத்தா, மிட்டாய் கணக்கா இருக்கு?"

"திங்காம வச்சிருங்க அத்தை."

ஒன்றைப் பிடுங்கியதும் பாட்டு நின்றது. வண்டிக்குள் அப்படி ஒரு அமைதியை நாங்கள் கேட்டு வெகு காலமாகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே "சேசுவே" என்றோம்.

செட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்ப என்னிடம் இருந்தது தோசைத் திருப்பிதான். கீறல் விழாமல் துணி சுற்றி நெம்பினேன். அவர் எதைப் பார்க்காவிட்டாலும் கீறலைப் பார்ப்பார். சட்டம் டக்கென்று கழன்று வந்தது. பழைய செட்டின் ஒயரும் புது செட்டின் ஒயரும் ஒன்றோடொன்று சேரவில்லை. வெட்டித்தான் இணைக்க வேண்டும். ஜாக்கெட்டுத் துணிக்கு நூல் மேட்ச் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா. மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்குக் கறுப்பு என்று முறுக்கி டேப் சுற்றினேன்.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஒரு திருகாணி கை நழுவி உள்ளே விழுந்தது. மாமியார் டார்ச்சை வைத்துவிட்டு மடியிலிருந்த ஜெபமாலைப் பையைத் திறந்தார். எங்கள் பக்கம் எது தொலைந்தாலும் அந்தோணியார்தான். ஆடு தொலைந்தாலும் அவர், ஆதார் கார்டு தொலைந்தாலும் அவர். மாமியார் மனமுருகி வேண்டினார். திருகாணி கிடைக்கவில்லை. மற்ற திருகாணிகள் தாங்கும் என்று முடிவு செய்து, மாமியார் திருப்பிக் கொடுத்த ஃபியூஸ்களை அந்தந்த இடத்தில் செருகினேன்.

திரை வெளிச்சமாக வந்தது. எழுத்தெல்லாம் சீன மொழி. கண்டதையும் தொட்டு ஒருவழியாகப் பாட வைத்தேன். பென்டிரைவிலிருந்து தேர்பவனிக்குப் போடுகிற மேளம் அதிர்ந்தது. மாமியார் கடைசி வரை கேட்டுவிட்டு, "முடிஞ்சிருச்சா? பாட்டுக்கு முடிவெல்லாம் இருக்காத்தா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினேன். ஊர் எல்லையிலேயே ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடுகள். ஹாரனை அமுக்கினேன். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். ஆட்டுக்காரர் காதில் இயர்போன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மேளத்தை முழுச் சத்தத்தில் வைத்தேன். ஆடுகள் விலகின. ஆட்டுக்காரர் தேர்தான் வருகிறதென்று தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

மெயின் ரோடு வரைக்கும் அப்படியேதான் போனேன். அடுத்த ஊரில் ஒரு அம்மா உடைந்த குடத்தோடு ஓடி வந்து வண்டியை மறித்தார்.

"பழைய பிளாஸ்டிக்குக்கு என்ன தாரீங்க?"

"நான் யாவாரி இல்லங்க."

"அப்புறம் எதுக்கு இம்புட்டுச் சத்தம்?" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

ஏர்போர்ட்டில் அவர் ட்ரோலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வண்டிய எங்கிட்டு நிப்பாட்டியிருக்க?" என்றார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார்.

"யாரு மாட்டுனா?"

"நான்தான்."

பட்டனைத் தட்டினார், சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், சட்டத்தை விரலால் தடவிக் கீறல் தேடினார். அவர் போனை எடுத்துச் சிங்கப்பூரில் கூட வேலை பார்க்கும் சிநேகிதரைக் கூப்பிட்டார்.

"மாப்ள, எறங்கிட்டேன். வண்டிக்குப் புது செட்டு மாட்டியாச்சு. ஆமா, நான் அங்கேருந்து சொல்லச் சொல்ல இவ மாட்டுனா."

அவர் அங்கிருந்து சொன்னது 'தொடாத' என்பது மட்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கிப் பஸ் பிடித்துப் போய்விடலாமா என்றிருந்தது. மாத்தூர் தாண்டும்போது குறுக்கே ஒரு பைக் வந்தது. அவர் ஹாரனை அமுக்கினார்.

"ஹாரன் என்னாச்சு?"

"தெரியல. காலையிலேருந்து அடிக்க மாட்டேங்குது."

"கண்ட ஒயரையும் பிடுங்குனா இப்படித்தான்."

ஆக, செட்டு அவருடையது, ஹாரன் என்னுடையது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்தவர் மாலை வரை நிமிரவில்லை. ஹாரனைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். விளக்கு வைத்ததும் மாமியார் ஜெபத்துக்கு உட்கார்ந்து ஜெபமாலைப் பையைத் திறந்தார். மணிகளோடு நீல நிறத்தில் ஒரு ஃபியூஸ் வந்து பாயில் விழுந்தது. திருகாணிக்காக அவசரமாக வேண்டியபோது கையிலிருந்து பைக்குள் போயிருக்கிறது. அந்தப் பெட்டியில் முன்பே காலி இடங்கள் நிறைய இருந்ததால் எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

"பாத்தியா, அந்தோணியார் குடுத்துட்டார்."

"நம்ம கேட்டது திருகாணி, அத்தை."

"இந்தா, தம்பிட்டக் குடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தவரின் கையைப் பிடித்தேன். "ஜெபத்த முடிங்க அத்தை. என்ன அவசரம்?"

என் முகத்தைப் பார்த்தார். வாசலில் மகன் எதையோ சுத்தியால் தட்டும் சத்தத்தைக் கேட்டார். பிறகு உட்கார்ந்தார். அன்றைக்கு ஜெபமாலையோடு நிறுத்தாமல் மன்றாட்டு மாலையையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அது முடியும்போது என் வீட்டுக்காரர் கையெல்லாம் கிரீஸோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

"இந்தா. செட்டு மாட்டுறப்ப எத எங்க குடுத்த? எனக்குப் பிடிபடல. ஒருக்கா வந்து பாரேன்."

போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, தூசி படியாத காலி இடம் பார்த்து நீல ஃபியூஸைச் செருகி ஹாரனை அமுக்கினேன். தெருக்கோடி நாய் வரை குரைத்தது. உள்ளேயிருந்து மாமியார், "ஆமென்" என்றார்.

"ஃபியூஸா?" என்றார் அவர். "யாருட்டக் கத்துக்கிட்ட?"

"நீங்க சொல்லச் சொல்லத்தான மாட்டுனேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அதே சிநேகிதர்.

"மாப்ள, காலையில சொன்னேன்ல, செட்டு. நான் ஒண்ணும் சொல்லல. அவளாத்தான் மாட்டுனா."

அதையும் போனில்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.