பார்க்காத கண்

என் வீட்டுக்காரர் நோய் என்று சொன்னால் நான் லேசில் நம்பமாட்டேன். நெல்லைப் பக்கத்து எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றால், தொழிற்சாலையில் காய்ச்சல் என்று லீவு போடுகிற மகராசன் அவர். போன மழைக்காலத்தில் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க மெட்ராஸ் ஐ. "எனக்கும் தொத்திட்டு" என்று அவரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடியும் புலி வருது கதைதான் என்று நினைத்தேன்.

மருந்துக்கடைக்காரர் ஆளைப் பார்க்காமலே சொட்டு மருந்து கொடுத்தார். "மெட்ராஸ் ஐ தான்க்கா, மூணு நாள்ல பூடும். அவரு கண்ண மட்டும் நேரா பாக்காத, ஒட்டிக்கும்." பார்த்தால் ஒட்டாது என்று டிவியில் எத்தனை தடவை சொன்னாலும் இங்கே யார் கேட்கிறார்கள்? நானும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சாப்பாட்டுத் தட்டை நீட்டினேன். மருந்தை அவரே விட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள், "தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கி" என்றார். நடிப்பு முற்றுகிறது என்று எரிச்சல்பட்டேன். நான்காம் நாள் காலை காபி டம்ளரைக் காட்டி, "அந்த... அத எடு... அது" என்றார். டம்ளர் என்ற சொல் வரவில்லை, நாக்கும் குழறியது. காலையிலேயே குடியா! கண்ணாடி எதற்கு என்று புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பீரோ பின்னால், ஷிப்ட் பை, வண்டிப் பெட்டி என்று பாட்டிலைத் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் கிட்டப் போய் வாயை மோந்து பார்த்தேன். வாடை இல்லை. மூச்சு மட்டும் அனலாக அடித்தது. அப்போதுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தார். "இது மெட்ராஸ் ஐ இல்லம்மா. வேற வைரஸ். கண்ணுக்குள்ள விழித்திரை வரைக்கும் போயிருக்கு. மூளையையும் தொட்டிருக்கும்னு நெனைக்கிறேன். ஒரு கண்ணு மட்டும்தான் சிவந்துச்சா? எப்பலேருந்து இப்படி இருக்கு?"

பாட்டில் தேடிய இடங்களைக் கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பேன்.

"பாக்கலியே டாக்டர்" என்றேன்.

பிழைத்துக்கொண்டார். பேச்சும் வந்துவிட்டது. வலது கண்ணில்தான் பார்வை திரும்பவில்லை. இப்போது தினமும் காலையில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மிச்சமிருக்கிற கண்ணை உற்றுப் பார்க்கிறேன்.

"என்னட்டி, இன்னும் சந்தேகமா?" என்று சிரிப்பார்.

"ஆமா" என்பேன். யார் மேல் என்று அவர் கேட்பதில்லை.