ஒரு நிமிடத்து விலங்குகள்

ஐப்பசி மழையில் நட்ட பூண்டு முளைவிட்ட நாட்களில்தான் என் பகலும் இரவும் இடம் மாறத் தொடங்கின. எதற்கும் தேதி எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவன் நான். முதல் உறைபனி விழுந்த நாள், கூக்கால் சாலையில் மரம் சாய்ந்த நாள் என்று எங்கள் மலைக்கிராமமான பூம்பாறையில் யாருக்கு எந்தத் தேதி வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமையை வெள்ளி என்று எழுதினேன். நான் குடியிருப்பது தங்கை வீட்டில். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாளும் வெள்ளி என்றே எழுதியபோது சிரிக்கவில்லை.

எப்போதோ இரத்தத்தில் புகுந்து சத்தமில்லாமல் தங்கிவிட்ட ஒரு காமாலைக் கிருமி, என் கல்லீரலைத் தழும்பாக்கியிருந்தது. குடிக்காதவனுக்கு ஈரல் கெடுமா என்று டீக்கடையில் ஒரு பட்டிமன்றமே நடந்ததாம். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட நஞ்சு மூளைக்குப் போகிறது, அதனால்தான் மனம் மங்குகிறது என்று மதுரை மருத்துவமனையில் விளக்கினார்கள். மாற்றுக் கல்லீரல் ஒன்றே வழி. தங்கையின் இரத்தப் பிரிவு பொருந்தியது, ஸ்கேன்களும் ஒத்துவந்தன. தன் கல்லீரலில் பாதிக்கு மேல் தருகிறேன் என்றாள்.

நான் வேண்டாம் என்றேன்.

"ஒரு பல்லு நட்டா முழுப் பூண்டு வருது. ஈரலும் அப்படித்தான் வளந்துருமாம். ஒனக்கென்ன சோலி? குடுத்தா வாங்கிக்கிட்டுப் பேசாமக் கெட."

பூண்டு பல் பல்லாகப் பிரியும், கல்லீரல் பிரியாமல் பருக்கும், இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்கு விளக்கினேன். தலையில் அடித்துக்கொண்டாள். நானோ கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் படித்திருந்தேன். கொடுப்பவர் உயிருக்கு ஆபத்து வருவது அரிது என்றுதான் அவை சொல்லின. ஆபத்தே இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள்.

"இது நீ பேசலண்ணே. ஒன் தலைக்குள்ள எறங்குன மேகம் பேசுது" என்றாள்.

மருத்துவர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். சம்மதமோ மறுப்போ, மனம் தெளிந்திருக்கும்போது நான் சொல்வதைத்தான் ஏற்பார்களாம். என் தெளிவைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் இளம் பெண் மருத்துவருக்கு வந்தது. மலையில் இருக்கும் நோயாளிகளின் மங்கலை, அது முற்றுவதற்கு முன்பே, தொலைபேசி வழியாகக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. சோதனை எளியது. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று பார்ப்பார். சொன்னதையே திரும்பச் சொன்னால் கணக்கில் வராது.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. வெள்ளனே எழுப்பி, கம்பளி சுற்றி, பேருந்து திரும்பும் வளைவுக்குத் தங்கை என்னைக் கூட்டிப்போவாள். கீழே படிக்கட்டு வயல்கள் இருக்கும் இடத்தில் வெறும் வெண்மை கிடக்கும்.

"ரெடியா சார்? ஸ்டார்ட் பண்ணுங்க."

நான் கண்ணை மூடுவேன். அவை வரத் தொடங்கும். முதலில் நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் தனியாக நடந்துவரும். பிறகுதான் அவற்றின் மேல் காட்டுமாட்டின் கரிய உடம்பு கூடும். அதற்குப் பின்னால் கேளையாடு. அதன் காதில் பனித்துளி நிற்கும். அந்தத் துளி விழுமா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெயரைச் சொல்ல வேண்டும் என்பதே நினைவில் இராது.

"சார், ரெண்டுதான் சொல்லியிருக்கீங்க."

"கோழி! கோழியச் சொல்லுண்ணே!"

"அக்கா, நீங்க சொல்லக் கூடாது."

"இல்ல டாக்டரம்மா, காலையில முட்டையத் தின்னுபுட்டு, கோழிய மறந்துட்டு நிக்கிறாரே மனுசன்!"

அந்தக் கோழியை அவள் இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

இனிப்பான ஒரு சிரப்பைக் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். அது வயிற்றைப் போகவைக்கும், வயிறு போகப்போகத் தலை தெளியும். தங்கை அளந்து ஊற்றிவிட்டு, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். கார்த்திகை போய் மார்கழியும் போனது. காட்டுமாடு நிற்காமல் நடக்கத் தொடங்கியது. கிழமைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பின.

தை மாதத்து ஒரு காலை, வயல்கள் அடிவரை தெரிந்தன. காட்டுமாடு, மிளா, செந்நாய், கருமந்தி, மரநாய், முள்ளம்பன்றி, கீரி, மலையணில், வரையாடு என்று ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கோழியையும் சொன்னேன். நிமிடம் முடிந்தபோது மூச்சு வாங்கியது.

"சூப்பர் சார். இன்னைக்கு நீங்க தெளிவா இருக்கீங்க, அதனால கேக்கறேன். தங்கச்சி குடுக்கறத வாங்கிக்கறீங்களா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். அதில் பாதி தங்கைக்காக இருந்தது. மற்றப் பாதி அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த மங்கல் எனக்கு இனித்திருக்கிறது. நடுப்பகலில் கம்பளிக்குள் படுத்து, தேதி இல்லாத ஓர் இடத்தில், யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாதவனாக இருந்தது சுகமாக இருந்திருக்கிறது. விட்டிருந்தால் அப்படியே போயிருப்பேன். போவதை, அவளுக்காகத்தான் போகிறேன் என்றும் சொல்லியிருப்பேன்.

"வாங்கிக்கிறேன் டாக்டர்" என்றேன்.

மாதக்கணக்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பயமாக் கெடக்குண்ணே" என்றாள். நான் மறுத்துக்கொண்டிருந்த வரையில் அவளால் அதைச் சொல்ல முடிந்திருக்காது.

"எனக்கும்தான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடைக்கானல் பேருந்து வந்து, எங்களுக்காகச் சற்று நின்றுவிட்டுப் போனது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, பயந்தாப் பயந்துட்டுப் போறோம். மாசியில நான் ஆசுபத்திரியில படுத்துக் கெடந்தாப் பூண்டு பிடுங்குறது யாரு? இப்பவே ஆள் சொல்லி வைக்கணும். வெரசா நட."