நடுக்கம் இல்லாத உடம்பு

அந்த மீன் குளிர்பதனக் கிடங்கில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி கூட விழிப்பார். எல்லாருக்கும் அவர் கம்பளிதான். உறைபதன அறையின் கதவருகே ஒரு மர நாற்காலி, அலமாரி நிறைய மடித்த கம்பளிகள், ஒரு பிளாஸ்க் வெந்நீர்: இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். வெளியே வருகிறவர்களின் உதட்டையும் விரல் நுனிகளையும் பார்ப்பது அவர் வேலை. யாருக்காவது நாக்குக் குழறினாலோ கால் பின்னினாலோ மறுகணம் கம்பளி மேலே விழும். இவர் எதிரே கொட்டாவி விடக்கூட முடியாது, போர்த்திவிடுவார் என்று பெட்டி அடுக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து ஒருவரும் ஒரு விரலை இழந்ததில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நடுங்குகிறவனைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம்; குளிரில் நடுக்கம் நின்றுபோனவனைத்தான் விடக்கூடாது.

அவருடைய தங்கையும் அவள் கணவனும் அங்கேயே வேலை செய்தார்கள். தங்கை பொதி கட்டும் கூடத்தில். மாப்பிள்ளை உறைபதன அறையில் பெட்டி தூக்குபவன். ஆளும் பெரிது, வாயும் பெரிது.

வெளியே தார் இளகும் வெயில் அடித்த ஒரு நாள். கம்பளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பின்முற்றத்தில் நின்ற காலி லாரியின் இரும்புக் கூண்டைக் கழுவ மாப்பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். அவன் பஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அங்கே யாரும் கழற்றுவதில்லை. எந்த நேரமும் திரும்ப உள்ளே கூப்பிடுவார்கள், மறுபடி யார் மாட்டிக்கொண்டு நிற்பது?

கம்பளி கை கழுவிக்கொண்டு வந்தபோது மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தான். ஏதோ சொன்னான், ஒரு சொல்லோடு ஒரு சொல் ஒட்டவில்லை. நாற்காலிக்கு அருகே பொத்தென்று விழுந்தான். தான் இல்லாதபோது உறைபதன அறைக்குள் அளவுக்கு மீறி நின்றிருக்கிறான் என்றுதான் கம்பளிக்குத் தோன்றியது. ஜாக்கெட் இருக்கிறது, நாக்குக் குழறுகிறது, உடம்பில் துளி நடுக்கம் இல்லை. ஒரு கம்பளியைப் போர்த்தினார். மனம் ஆறாமல் இன்னொன்றையும் போர்த்தி இறுகச் சுற்றினார். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லி ஒருவரை விரட்டினார்.

செய்தி கேட்டுத் தங்கை ஓடிவந்து கணவனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. கையை உதறினான்.

நாடி பார்ப்பதற்காக அவர் ஜாக்கெட்டுக்குள் கழுத்தோரம் கையை விட்டார். சுரீரென்று இழுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் இருந்தது உடம்பு. மறுபடி அக்குளில் தொட்டார். அங்கேயும் நெருப்பு.

"இவன் எங்கடா இருந்தான்?"

வெயிலில் நிற்கும் லாரிக் கூண்டுக்குள் என்று யாரோ சொன்னார்கள்.

அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை. கம்பளிகளை உருவி எறிந்தார். ஜாக்கெட்டின் ஜிப் சிக்கிக்கொண்டது, கத்தியால் கிழித்தார். மீன் கழுவும் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு, கூடை கூடையாக ஐஸ் கொட்டச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. இத்தனை நாளும் அவரே சொல்லிக்கொடுத்த பாடம் அவர்கள் காலைக் கட்டிப்போட்டிருந்தது. தங்கை, அவர் எறிந்த கம்பளி ஒன்றை இழுத்து மறுபடி போர்த்தினாள்.

"குளிர்ல விழுந்தவரை ஐஸ்ல போடுறியா? உனக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா அண்ணா?"

அவர் அவள் கையைப் பிடித்துக் கணவனின் மார்பில் வைத்து அழுத்தினார்.

"இது குளிரா? சொல்லும்மா, இது குளிரா?"

அவள் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவளே கம்பளியை விலக்கி, அவன் கால்களைப் பிடித்துத் தூக்கினாள்.

அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஓடிப்போய்த் தொட்டியில் தண்ணீரும் ஐஸும் நிரப்பினார்கள். நாலு பேராக அவனைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். தலை மூழ்காமல் கம்பளி பின்னாலிருந்து அணைத்துக்கொண்டார். இருவர் ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். யாரோ வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்கள்; சுயநினைவில்லாதவனுக்குப் புரையேறும் என்று அவர் தடுத்தார். அவர் கைகள் மரத்துப்போயின. தங்கை கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் நர்ஸ் வந்து சூடு பார்த்தார். இன்னும் அதிகம்தான், எடுக்காதீர்கள் என்றார். மறுபடி பார்த்தார். அப்போதுதான் அவன் தோள் நடுங்க ஆரம்பித்தது, பிறகு பற்கள். போதும், வெளியே எடுங்கள் என்றார். தூக்குப்படுக்கையில் கிடத்தியபோது அவன் கண் திறந்து மனைவியைப் பார்த்தான், அப்புறம் அவள் அண்ணனை.

"என்ன மச்சான்... விட்டா உப்புப் போட்டுப் பெட்டியில அடுக்கிடுவீங்க போலிருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. தங்கை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்டம் தாண்டவில்லை, சிறுநீரகத்தைப் பார்க்கவேண்டும் என்றார் நர்ஸ். விழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, எழுதப் பேனாவை எடுத்தார்.

கம்பளி நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "போர்த்தினேன்," என்றார். "ரெண்டு கம்பளி. நான்தான்."

தங்கை ஆம்புலன்சில் ஏறப் போனவள் நின்றாள்.

"ஐஸ்ல போட்டதும் அண்ணன்தான்," என்றாள் நர்சிடம். "அதையும் எழுதிக்குங்க."